தவறணைத் தடங்கள்: குண்டசாலையிலிருந்து கண்டி வரை

'தவறணை' என்ற சொல்லை நம் அகராதிகளைவிட நம் வீதிகள் நன்கறியும். கள்ளோ சாராயமோ விற்கும் கடைக்கு ஈழத்துத் தமிழர் பரவலாக வழங்கும் பெயர் அது. அதனுள்ளே 'தவறு' என்னும் சொல் ஒளிந்திருப்பதுபோல் காதில் விழுவது தற்செயலே. 'தவேர்னா' என்னும் போர்த்துக்கேயச் சொல்லே நம் நாவில் தவறணை ஆயிற்று. சிங்களத்தில் அது 'தெபேரும' என வழங்கும். கள்ளை அடைத்து வைக்கும் 'பீப்பாய்' என்பதும் போர்த்துக்கேயர் தந்த சொல்லே. 'அரக்' என்ற சொல்லோ அறபியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் வியர்வை. வடிகலத்தின் சுவரில் துளித்துளியாய் அரும்பி வழிவதால் அப்பெயர் பெற்றது. இந்தச் சொல்லின் பொருளை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

இங்கிலாந்தில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஊரின் பழைய மதுச்சாலைகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால்நடையாகச் சென்று, ஒவ்வொன்றின் கதையையும் கேட்டு வருவார்கள். அவர்கள் தேடிச் செல்வது 'ரியல் ஏல்' எனப்படும் மெய்யான ஏல். தொழிற்சாலையில் வடிகட்டிச் சூடேற்றி, மதுவத்தைக் கொன்று, காபனீரொட்சைட்டு வாயுவை ஏற்றி அனுப்பும் பியர் அன்று அது. பீப்பாய்க்குள்ளேயே மதுவம் உயிரோடிருந்து இரண்டாம் முறை நொதிக்கும். கைப்பம்பியால் இழுத்து வார்ப்பார்கள். பெரிய நிறுவனங்கள் இதை அழித்துவிடும் என அஞ்சிய ஆங்கில இளைஞர் நால்வர் 1971ஆம் ஆண்டு ஓர் இயக்கம் தொடங்கினர். 1973இல் அது 'மெய்யான ஏலுக்கான இயக்கம்' எனப் பெயர் மாறிற்று. இலட்சக்கணக்கானோர் பின்னர் அதில் சேர்ந்தனர். ஒரு குவளைக்காக இயக்கமா என நாம் சிரிக்கலாம். ஆனால் அவர்கள் காத்தது குவளையை மட்டுமன்று, ஊரின் நினைவையும்தான்.

அப்படியொரு நடையை நம் கண்டியில் நடந்தால் என்ன தெரியவரும்? நான் அழைப்பது குடிப்பதற்கன்று, படிப்பதற்கு. மலைநாட்டுத் தமிழனைப் பற்றி ஒரு வசை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. "தோட்டத்தான் சம்பளத்தைக் குடித்தே தீர்ப்பவன்" என்பது அது. பிறர் சொன்னது போதாதென்று நம்மவரும் சொல்கிறார்கள். வகுப்பறைகளிலும் அந்தக் குரல் கேட்கிறது. அது இயல்பா, அல்லது யாரோ நட்டு வளர்த்த பயிரா என்பதைத் தவறணைகளின் தடத்தில் நடந்து பார்ப்போம்.

நடையைக் குண்டசாலையில் தொடங்குவது பொருத்தம். கண்டி நகரிலிருந்து தென்னக்கும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்து சில மைல் வந்தால் குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டி அரசை ஆண்ட ஸ்ரீ வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தான். 'குண்டசாலை அரசன்' என்றே மக்கள் அவனை அழைத்தனர். மதுரையிலிருந்து பெண் கொண்டவன் அவன். அவனுக்குப் பின் அரசியின் உடன்பிறந்தான் முடி சூட, நாயக்கர் பரம்பரை கண்டியில் தொடங்கிற்று.

அரண்மனை போயிற்று, கித்துள் மரம் இருக்கிறது. நம் நூல்கள் கூந்தற்பனை என்று குறிக்கும் மரம் இதுவே. பாளையைப் பக்குவப்படுத்திச் சீவினால் முட்டியில் சாறு சொட்டும். புளிக்காமல் தடுத்தால் அது கருப்பநீர், காய்ச்சினால் பாணி, மேலும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒன்றும் செய்யாது விட்டால், காற்றில் உள்ள மதுவம் தானே புகுந்து, சில மணி நேரத்தில் அது கள்ளாகும். மறுநாள் புளித்துக் காடியாகும். வாயு ஏற்றுவோரும் இல்லை, வடிகட்டுவோரும் இல்லை. உயிரோடு நொதித்துக்கொண்டே இருக்கும் பானம்தான் மெய்யானது என்று ஆங்கிலேயர் வரையறுத்தால், நம் மலைகளின் ரியல் ஏல் கித்துள் கள்ளே. தானியத்தில் காய்ச்சும் மதுவும் தமிழுக்குப் புதிதன்று. நெல்லிலிருந்து செய்த கள்ளுக்குச் சங்க நூல்களில் 'தோப்பி' என்று தனிப்பெயரே உண்டு. நறவு, தேறல், மட்டு, பிழி என்று பெயர்கள் நீளும். யவனர் கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூறு பேசுகிறது. ஔவையோ, கிடைத்த கள் சிறிதானால் தமக்குத் தந்தும் பெரிதானால் பகிர்ந்தும் மகிழ்ந்த அதியமானை நினைந்து அழுகிறார். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். இந்த இரண்டு குரல்களும் நம் மரபுக்குள் ஒன்றாகவே வாழ்ந்து வந்திருக்கின்றன.

1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு இம்மலைகளில் வாழ்ந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இக்கித்துளை வியந்து வருணிக்கிறார். அதன் சாறும் கருப்பட்டியும் அவருக்குப் பிடித்திருந்தன. இன்னொன்றும் எழுதினார்: இந்நாட்டவர் குடிவெறியை மிக வெறுப்பவர்கள், அதற்கு ஆட்பட்டோர் மிகச் சிலர் என்று. மரம் இருந்தது, கள் இருந்தது, ஆனால் குடி பெருகவில்லை. ஏன் என்பதற்கு விடை எளிது. விற்கக் கடை இல்லை. விற்றே தீரவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இனி ஆற்றைக் கடந்து நகருக்குள் செல்வோம். தலதா மாளிகையின் பின்புறமாக மலபார் வீதி இருக்கிறது. நாயக்க மன்னரின் உறவினர் வாழ்ந்த வீதி அது. 1815 பெப்ரவரியில் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அரசனும் உறவினரும் வேலூருக்கு அனுப்பப்பட்டனர். வீதியின் மனிதர் போயினர், பெயர் நின்றது. போனவர்களின் இடத்தில் பிரித்தானியரின் ஆட்சி வந்தது. அதன் பின்னால் சாராயக் குத்தகையும் மலை ஏறிற்று.

இந்தக் குத்தகை எப்படி இயங்கியது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் கரையோரத்தில் வழக்கப்படுத்தியதைப் பிரித்தானியர் எடுத்துக்கொண்டனர். ஒரு மாவட்டத்தில் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசு ஏலத்தில் விடும். அதிகம் கேட்டவனுக்கு உரிமை. கரையோரத்தில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயத்தை அவன் வாங்கி, மலைக்குக் கொணர்ந்து, தவறணைகள் திறந்து விற்பான். அரசுக்குத் தரவேண்டிய தொகை முன்னரே முடிவாகிவிட்டது. மக்கள் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அவன் அதைச் செலுத்தியாக வேண்டும். ஆகவே விற்பனையைப் பெருக்குவது அவனுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. ஏலத்தொகை ஏற ஏற அரசுக்கு மகிழ்ச்சி. குடியைக் கட்டுப்படுத்த வேண்டிய கையே குடியிலிருந்து வருமானம் பெறும் கையாகவும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை அரசின் பெரிய வருவாய் வழிகளுள் சாராயமும் ஒன்று என்பது வரலாற்றாசிரியர்கள் ஒப்பிய முடிவு.

இந்த ஏலங்களிலிருந்தே இலங்கையின் புதிய செல்வர் வர்க்கம் ஒன்று எழுந்தது. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா கண்டிப் பகுதியில் வணிகமும் சாராயக் குத்தகையும் செய்து பொருளீட்டினார். 1830களின் பிற்பகுதியில், ஒரு காலத்தில் கண்டி மன்னருக்குரியதாயிருந்த ஹங்குரன்கெத்தை அரச தோட்டத்தை விலைக்கு வாங்கினார். அவரது மகன் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா பெருங்கொடையாளராகப் போற்றப்பட்டார். கல்விக்கூடங்களும் மருத்துவமனைகளும் அக்குடும்பத்தின் கொடையால் எழுந்தன. அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தச் செல்வத்தின் ஊற்று எது என்று கேட்பதும் வரலாற்றின் கடமை.

ஊற்று மலையில் இருந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பிப் பயிர், 1830களுக்குப் பின் தும்பறைப் பள்ளத்தாக்கையும் பிடித்தது. இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரையேறி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர் நம் முன்னோர். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் உயிரிழந்தோர் பலர். எஞ்சி வந்தவருக்குக் காத்திருந்தது லயன் காம்பிரா, கங்காணியின் கடன், குளிர், மழை. தோட்டம் நெருங்கிய சந்திகளில் தவறணையும் இருந்தது. கூலி கைக்கு வந்த நாளில் வேறெந்தக் கதவு திறந்திருந்தது? வாசகசாலையா, பாடசாலையா? ஏலத்தில் கேட்ட தொகையை மீட்பதற்கு மலைநாட்டைவிடச் சிறந்த சந்தை குத்தகைக்காரனுக்கு எங்கே கிடைக்கும்? கோப்பிக் கன்றை நட்டவர்களே குடியையும் நட்டார்கள். முதலில் சொன்ன சொல்லை இப்போது நினைத்துப் பாருங்கள், நேயர்களே. 'அரக்' என்றால் வியர்வை. அது யாருடைய வியர்வை என்பதை அகராதி சொல்லாது.

அடுத்து தலதா வீதி. அன்று வாட் வீதி என்று பெயர். வாவியின் முனையில், மாளிகைக்கு அண்மையில், குயின்ஸ் ஹோட்டல் நிற்கிறது. தோட்டத்துத் துரைமார் நகருக்கு வந்தால் தங்குமிடம் அது. அவர்கள் குடித்தது சாராயமன்று. ஏலும் பியரும் கப்பலில் வந்தன. அவற்றை இம்மலையிலேயே காய்ச்சலாம் என்று கண்டவர் பிற்காலத்தில் நைல் நதி ஆய்வாளராகப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, ஆங்கிலக் கிராமம் ஒன்றையே அங்கு அமைக்க முயன்றார். 1849இல் அவர் தொடங்கிய காய்ச்சுதலே தம் முதல் வேர் என இந்நாட்டு பியர்த் தொழிலினர் சொல்லிவருகின்றனர். 1881இல் 'சிலோன் புறூவரி' நுவரெலியாவில் எழுந்தது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமும் குளிரும் மலைநீரும் அதற்கு உதவின. வாற்கோதுமையும் ஹொப்ஸ் பூவும் மட்டும் கடல் கடந்து வந்தன.

அங்கே காய்ச்சிய 'லயன் ஸ்டவுட்' எனும் கரும் பியருக்குக் கண்டியில் ஒரு சிறப்பு வாய்த்தது. யூ. கே. டி. சில்வா என்ற பெயர்கொண்ட கடையில், சூடேற்றிப் பதப்படுத்தாத அந்த ஸ்டவுட், பீப்பாயிலிருந்து கைப்பம்பியால் இழுத்து வார்க்கப்பட்டது. உலக பியர்களைப் பற்றி நூல்கள் எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மைக்கல் ஜக்சன் (1942–2007) இதைச் சுவைத்து வியந்து எழுதினார். இங்கிலாந்தில் இயக்கம் வைத்துக் காக்கவேண்டியிருந்த வழக்கம், புத்தரின் புனித தந்தம் இருக்கும் நகரில், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் பயணம் செய்த பீப்பாய்களில் தானாகவே உயிர்வாழ்ந்திருந்தது! 1990களின் இறுதியில் உற்பத்தி கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு மாறியது. நுவரெலியாவின் பழைய ஆலை வரலாறாயிற்று.

இவ்விடத்தில் நின்று இரண்டு பானங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பியர் மலைக்கு வந்தது துரையின் தாகத்துக்காக. சாராயம் வந்தது அரசின் வருவாய்க்காக. பியரைப் பற்றி நூல்கள் உண்டு. குடித்தவர் தம் சுவையைப் பதிவு செய்தார். சாராயத்தைப் பற்றி உள்ளவை கணக்கேடுகள். அவற்றில் குத்தகைக்காரரின் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, குடித்தவனின் பெயர் இல்லை. மூன்றாவதான கித்துள் கள்ளுக்கு நேர்ந்ததோ இன்னும் விந்தையானது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம், கள் இறக்குவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. தன் வளவில் நின்ற மரத்தில் தானே முட்டி கட்டிய கிராமத்தான், அதே முட்டியால் குற்றவாளியானான். அதே 1912இல் அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறக்க ஏற்பாடு செய்தது. வீட்டில் இறக்கினால் குற்றம். அரசுக்குப் பணம் கட்டிய கடையில் வாங்கினால் குற்றமில்லை.

நம் நடையின் இறுதி நிறுத்தம் கொட்டுகொடெல்ல வீதி, அன்றைய காசில் ஹில் வீதி. மேற்சொன்ன சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் எழுந்தது மதுவிலக்கு இயக்கம். 1904இலேயே தென்பகுதியில் அதன் முதல் அலை வீசியிருந்தது. 1912இல் அது பேரலையாயிற்று. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க ஆகியோர் முன்னணியில் நின்றனர். 1915 மே மாத இறுதியில், வெசாக் இரவில், இந்த வீதியில் பள்ளிவாசலின் முன் தொடங்கிய மோதல் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, உயிர்கள் போயின. அந்தத் துயரம் முதலில் அவர்களுடையது என்பதை நாம் மறக்கலாகாது. பிரித்தானிய அரசோ இராணுவச் சட்டம் பிறப்பித்து, மதுவிலக்குத் தலைவர்களே கலகத்தின் சூத்திரதாரிகள் எனச் சந்தேகித்துச் சிறையிலடைத்தது. அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மறு ஆண்டே அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். அவரது துணிவைச் சிங்கள மக்கள் கொண்டாடினர்.

ஆயினும் அந்த இயக்கம் தோட்டத்து லயன்களைப் பெரிதும் எட்டவில்லை. அங்கே அந்தச் செய்தியைக் கொண்டு சென்ற பெருங்குரல் காந்தியடிகளுடையது. 1927 நவம்பரில் இலங்கை வந்த அவர், கண்டியிலும் மலைநாட்டின் பிற நகர்களிலும் பேசினார். திரண்டு வந்த தொழிலாளரிடம் குடியை விட்டொழிக்கக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டது அன்பினால், வசையினால் அன்று. அதன்பின் நடந்ததையும் சொல்லவேண்டும். மதுவிலக்கு மேடையில் வளர்ந்த டி. எஸ். சேனாநாயக்க சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரானார். 1948இல் அவரது அரசு இயற்றிய சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப்பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. தமிழில் 'குடி' என்ற சொல்லுக்குப் பானத்தை அருந்துதல் என்றும் பொருள். குடும்பம் என்றும், நாட்டின் மக்கள் என்றும் பொருள். முதற் பொருளிலுள்ள குடியை அவனுக்குத் தாராளமாகத் தந்தவர்கள், மூன்றாம் பொருளிலுள்ளதைத் தர மறுத்தார்கள்.

பெண்களின் கதை இதில் எங்கே? அவர்கள் தவறணையின் வெளியே நின்றார்கள். கொழுந்து பறித்த விரல்களின் கூலியைச் சில இடங்களில் கணவனே வாங்கும் வழக்கம் இருந்ததால், அந்தப் பணம் வீடு வருமா என்று காத்து நின்றார்கள். சட்டமும் அவர்களை வேறுவிதத்தில் வெளியே நிறுத்தியது. பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்த 1979ஆம் ஆண்டின் விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அதை மீள்வித்தார். அன்றைய விவாதம் பெண் குடிக்கலாமா என்பதைச் சுற்றியே நடந்தது. ஆண் குடித்ததன் விலையை எத்தனை தலைமுறையாகப் பெண் செலுத்தினாள் என்ற கணக்கை எவரும் எடுத்து வைக்கவில்லை.

குடியை நான் நியாயப்படுத்தவில்லை. இன்றும் தோட்டங்களில் கசிப்பு குடும்பங்களைச் சிதைக்கிறது. சாராய விலை ஏறும்போது வறியவன் கசிப்பை நாடுவதும், வரி இறங்கினால் தவறணை நிறைவதும் நாமறிந்தவை. ஆனால் நோயின் வரலாறு தெரியாத வைத்தியம் வசையாகவே முடியும். "உன் இரத்தத்தில் ஊறியது" என்று ஒரு மாணவனிடம் சொன்னால் அவன் தலை குனிவான். "உன் பாட்டனாரின் கூலியைத் திரும்பப் பெறுவதற்கு ஓர் அரசு ஏலம் போட்டு வைத்த கண்ணி இது" என்று சொன்னால், அவன் நிமிர்ந்து பார்ப்பான். கண்ணியை அறுக்கவும் முயல்வான்.

இங்கிலாந்தில் மதுச்சாலை ஒவ்வொன்றின் கதையையும் ஊரார் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தவறணைகளின் கதையை எழுதியவர் இல்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களை ஸி. வி. வேலுப்பிள்ளை அன்று தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பல இன்று காற்றோடு போயிருக்கும். அதுபோல, எந்தச் சந்தியில் தவறணை இருந்தது, சம்பள நாளில் அங்கு என்ன நடந்தது, எந்தப் பெண் வாசலில் நின்று கணவனை அழைத்துச் சென்றாள் என்று சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உயர்தர வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்தில், தம் கிராமத்தில் ஒரு முதியவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதினால் போதும். சாராயக் கணக்கேடுகளில் விடுபட்ட பெயர்கள் அப்பக்கங்களில் ஏறிவிடும்.